பாடும் வால்வுக்குச் சிவப்பு வளையம்

அந்த வட்டாரத்தில் யார் வீட்டு வாஷிங் மெஷின் ஆட்டம் போட்டாலும் முதல் போன் மெஷின் அக்காவுக்குத்தான் போகும். நாற்பத்து நான்கு வயது. தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் பாதி ஷட்டர் அகலத்துக்கு ஒரு கடை. உள்ளே போனவர் திரும்ப இடமில்லை, வந்த வழியே பின்னால் நடந்துதான் வெளியே வர வேண்டும். இரண்டு பக்கமும் பிரித்துப் போட்ட டிரம்கள், கொக்கியில் மாலை மாலையாகத் தொங்கும் பெல்ட்டுகள், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரப்பர் வளையங்கள்.

அக்கா இந்த வேலையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் பதினொரு வருடம் போனை எடுத்துப் புகார் எழுதிக்கொண்டிருந்தவள். எட்டு வயதில் வந்த காய்ச்சலோடு இடது காது மந்தமாகிவிட்டது. அதனால் போன் எப்போதும் வலது காதில்தான். "மெஷின் பக்கத்துல போனைக் கொஞ்சம் வைங்க" என்பாள். வைத்தால், பேரிங்கா, பெல்ட்டா, டிரம்முக்குள் சட்டைப் பொத்தான் மாட்டியிருக்கிறதா என்று அங்கிருந்தே சொல்லிவிடுவாள். மெக்கானிக்குகள் போய்ப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். ஒரு நாள் சென்டரை மூடிவிட்டார்கள். பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருக்கும் அவள் வீட்டுக்காரர், மறுநாளே ஒரு ஸ்பேனர் செட்டை வாங்கிவந்து மேசையில் வைத்தார். "வாயால பார்த்த வேலையைக் கையால பாரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவளுக்குக் கை வந்த வித்தை ஒன்று உண்டு. துணி பிழியும்போது டிரம் சுழலும் ஆட்டத்தை வாங்கிக்கொள்வதற்கு டேம்பர் என்று நாலு தண்டுகள் இருக்கும். ஓடுகிற மெஷினின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தால் போதும், அந்த நாலில் எது உயிரை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. மென்மையான ஆண் குரல்.

"வணக்கங்க. வால்வுல ஒரு பிரச்சினை."

"தண்ணி ஒழுகுதா?"

"தண்ணியா? இல்லைங்க. பாடுது."

"எப்படிப் பாடுது?"

"மணி அடிச்ச மாதிரி ஆரம்பிச்சு அப்படியே இழுக்குது. துணி துவைக்கறப்போ ரொம்ப மோசம்."

மெஷினுக்குள் தண்ணீரை விடும் வால்வு, குழாயில் அழுத்தம் கூடினால் விசில் அடிப்பது வழக்கம்தான். அக்கா புது வால்வு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவருக்கு நெற்றியில் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் இன்னொன்று. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்று அக்காவுக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. பழக்க தோஷத்தில் அவள் நேராகக் குளியலறைப் பக்கம் நடந்தாள்.

"அங்க இல்லைங்க. ஹால்ல."

"ஹால்லயா மெஷினை வெச்சிருக்கீங்க?"

அவர் ஒரு மர அலமாரி முன்னால் போய் நின்றார். அதில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியின் தலையில் ஆறு கண்ணாடிக் குமிழ்கள், நாலு பெரிசு, இரண்டு சின்னது. ஒவ்வொன்றுக்குள்ளும் அணையப் போகிற தணல் மாதிரி ஆரஞ்சு வெளிச்சம். பக்கத்தில் தட்டு சுழன்றுகொண்டிருந்த ரெக்கார்டு பிளேயர், இரண்டு ஓரத்திலும் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர்.

"இதாங்க வால்வு" என்று குமிழைக் காட்டினார்.

அக்கா பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் சாமானை எடுத்தாள். "எங்க ஊர்ல இதாங்க வால்வு."

இரண்டு பேரும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே ஈரத்துணியோடு நின்ற வீட்டம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விஷயம் இதுதான். போன வருடம் அக்கா இந்த வீட்டு மெஷினுக்கு வால்வு மாற்றியிருந்தாள், பார்த்த வீடுகளின் கூட்டத்தில் அவளுக்கே மறந்துவிட்டது. வீட்டம்மா போனில் 'வால்வு அக்கா' என்று எண்ணைப் பதிந்து வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் அன்று கடையில் இருந்தார், எதுவும் தெரியாது. பாட்டைப் பெரிசாக்கும் அந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் வால்வுக்கு ஆள் தேடித் தேடி அலுத்துப்போனவர், மனைவியின் போனில் சும்மா 'வால்வு' என்று தட்டிப் பார்க்க, சொல்லிவைத்தாற்போல் ஒரு பெயர் வந்து நின்றிருக்கிறது.

"மன்னிச்சுக்கங்க. வீணா அலைய வெச்சுட்டேன்" என்றார் மனிதர், கூனிக் குறுகி.

அக்கா போயிருப்பாள். அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் மெஷின் துணி பிழிய ஆரம்பித்தது. ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு நடுவே 'கிண்ண்ண்' என்று ஒரு ரீங்காரம் எழும்பி நின்றது. அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"இது எங்க ஆளு பண்ற வேலை" என்றாள்.

குளியலறைக்குப் போய் மூடிமேல் கையை வைத்தாள். நாலு காலில் ஒன்று தரையைத் தொடவில்லை. யாரோ மடித்துச் செருகிய அட்டை ஊறிக் கூழாகியிருந்தது. அதை எடுத்துக் காலைத் திருகி மட்டம் பார்த்தாள். ஆட்டம் முக்கால்வாசி அடங்கியது. ஹாலில் ரீங்காரமும் குறைந்தது, ஆனால் போகவில்லை. கதவு சாத்தினால் 'கிண்'. கண்ணாடிக்காரர் அழுத்தி நடந்தால் 'கிண்'. பாட்டில் தாளம் பலமாக விழும்போது அந்தச் சத்தமே பெட்டியை உலுக்கி இன்னொரு 'கிண்'.

குமிழுக்குள் காற்றே கிடையாது, தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகள்தான் இருக்கும் என்று அவர் சொன்னார். அந்தக் கம்பி நடுங்கினால், நடுக்கமும் பாட்டோடு பாட்டாகப் பெரிசாகி ஸ்பீக்கர் வழியே வந்துவிடுமாம். பாட்டைப் பற்றிச் சொன்ன எதுவும் அக்காவின் தலையில் ஏறவில்லை. நடுக்கம் என்ற வார்த்தை மட்டும் ஏறியது.

"தொடலாமா?"

"ஐயோ வேண்டாம். கை பொத்துப் போயிடும்."

அவள் கூந்தலில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். ரப்பர் வைத்த பின்பக்கத்தால் ஒவ்வொரு குமிழையும் பூப்போலத் தட்டினாள். பெரிசு நாலும் பேசவே இல்லை. சின்னதில் இடது பக்கத்தது 'டிக்' என்றது. வலது பக்கத்ததைத் தொட்டதும் ஸ்பீக்கரில் 'டிங்ங்ங்' என்று ஒலி எழுந்து ஹாலைச் சுற்றி வந்தது.

"இவன்தான்" என்றாள் அக்கா.

பெட்டியை அணைத்து ஆறவிட்டு, பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்தாள். அதிர்கிற பொருளை மெத்தென்று எதையாவது கொண்டு அணைத்துப் பிடித்தால் அதிர்வு அடங்கும், டிரம்மாக இருந்தால் என்ன, கண்ணாடியாக இருந்தால் என்ன. கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "எல்லாத்துக்கும் போட்டுடலாமே" என்றார். அங்கேதான் அக்கா சறுக்கினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதர் ஆசைப்படுகிறாரே என்று ஆறுக்கும் மாட்டிவிட்டாள்.

பெட்டியைப் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

"என்ன பொசுங்குது?" என்று வீட்டம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

பெரிய குமிழ்கள் நாலிலும் ரப்பர் இளகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. சின்னது இரண்டும் அவ்வளவு சூடாகாததால் தப்பித்தன. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடையில் லென்ஸ் துடைக்கிற திரவத்தையும் துணியையும் எடுத்துவந்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குமிழாகத் துடைத்தார். "என் தொழிலுக்கும் இங்க வேலை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். அக்காவும் எதிரே உட்கார்ந்து துடைத்தாள். மதியம் வரைக்கும் அதுதான் வேலை.

திங்கட்கிழமை, யாரும் கூப்பிடாமலே அவள் திரும்பிப் போனாள். இந்த முறை கையில் தண்ணீர் ஹீட்டருக்குப் போடுகிற சிவப்புச் சிலிகான் வளையம். எவ்வளவு சூட்டுக்கும் அசையாது. ஒன்றே ஒன்றுதான் கொண்டுபோயிருந்தாள். பாடுகிற குமிழில் அதை மாட்டினாள். உச்சியில் வைத்துத் தட்டினால் இன்னும் லேசாக முனகல். அரை விரல் கீழே இறக்கினாள். மறுபடி ஒரு நூலளவு. ஓரிடத்தில் 'டிங்ங்ங்' செத்துப்போய் 'டொக்' என்று மட்டும் கேட்டது.

கண்ணாடிக்காரர் இசைத்தட்டை வைத்தார். அப்புறம் மனைவியைப் பார்த்து, "கதவை அடிச்சுச் சாத்து" என்றார்.

வீட்டம்மா சாத்தினார். சத்தமில்லை.

"இன்னும் பலமா."

மூன்று தடவை சாத்தினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது. பாட்டு அசையவில்லை. "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல கதவை அடிச்சுச் சாத்தச் சொல்லி இவர் கேட்டது இதான் முதல் தடவை" என்று வீட்டம்மா அக்காவிடம் சொன்னார். "மனசுல இருந்ததெல்லாம் சேர்த்துச் சாத்திட்டேன்."

அதன்பிறகு விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வால்வுப் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்கிற ஆட்கள் அந்த ஊரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அக்காவை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பென்சிலோடு போவாள், தட்டுவாள், பாடுகிற குமிழைப் பிடித்து வளையம் மாட்டுவாள், வருவாள். வீட்டிலும் பழக்கம் தொற்றிக்கொண்டது. தம்ளரைத் தட்டுவாள், ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் திருப்பாமலே, "என்னைத் தட்டிடாதே. நான் ஏற்கெனவே டொக்குதான்" என்றார்.

அந்த ஏழெட்டுப் பேரில் கொஞ்சம் பெரிய கை, ஒரு வங்கி மேனேஜர். அவர் வீட்டில் பாட்டுக்கென்றே தனி அறை. கனமான திரைச்சீலைகள், தரையில் கம்பளம், நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. எட்டு வால்வுக்கும் வளையம் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடிக்காரர்தான் அக்காவைக் கூட்டிப்போனார்.

அக்கா எட்டையும் தட்டிப் பார்த்தாள். எட்டும் ஊமை.

"சார், உங்க செட்டு சுத்தமா இருக்கு. வளையம் வேண்டாமே."

"அப்படிச் சொல்லாதீங்க. வளையம் போட்டா பாட்டே மாறிடும்னு படிச்சிருக்கேன். போடுங்க."

கேட்டவர் பிடிவாதக்காரர். சரி என்று பெட்டியை அணைத்து ஆறப் போட்டாள். மேனேஜருக்குப் போன் வந்தது, மாடிக்குப் போனார். அவர் வீட்டம்மா டீ குடிக்கக் கூப்பிட்டார். அக்கா வளையங்களைக் கையில் எண்ணி வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினால், அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மேனேஜர் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அவரே பெட்டியைப் போட்டுவிட்டார். கண்ணாடிக்காரர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"கேக்கறீங்களா?" என்றார் மேனேஜர், கண்ணைத் திறக்காமல். "திரையை விலக்கின மாதிரி இருக்கு. பாடறவர் ரெண்டடி முன்னால வந்துட்டார். அந்த வயலின் இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்லை."

அக்கா உள்ளங்கையைப் பார்த்தாள். எட்டு வளையமும் அங்கேயே இருந்தன. கண்ணாடிக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மனிதர் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். ஆறியதும் சத்தமில்லாமல் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். ஆனால் சர்வீஸ் சென்டரில் பதினொரு வருடம் போன் எடுத்தவளுக்கு இந்தக் குரல் தெரியும். மெக்கானிக் மூடியைக் கழற்றி மாட்டிவிட்டு மட்டும் வந்திருப்பான். "புதுசு போட்டதும் எவ்வளவு நல்லா ஓடுது தெரியுமா" என்று வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போன் செய்வார். அந்தப் போனையெல்லாம் அவள்தான் எடுப்பாள். வேலை அவளுடையது அல்ல என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது வேலை அவளுடையது.

"சார், இன்னும் மாட்டலை."

"என்னது?"

"வளையம். கையிலதான் இருக்கு."

மேனேஜர் கண்ணைத் திறந்தார். நீட்டிய கையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பாடகர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் கேட்டது?"

"உங்க செட்டைத்தான் கேட்டீங்க சார். அது மொதல்லேர்ந்தே நல்லாத்தான் பாடுது."

"இதெல்லாம் உங்களுக்குக் காதுல விழாதும்மா. இதுக்குப் பழகின காது வேணும்."

"விழாதுதான் சார். எனக்கு இருக்கறதே ஒரு காது. ஆனா வளையம் என் கையில இருக்கறது எனக்குத் தெரியுதே."

அவர் எழுந்து பாட்டை நிறுத்தினார். "சரி, நீங்க கிளம்புங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் சுருக்கென்று இருந்தது.

படியில் இறங்கும்போது கண்ணாடிக்காரர், "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"எப்போ?"

அவர் யோசித்தார். இரண்டு படி இறங்கினார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்துக் கண்ணாடி ஆட ஆடச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள்.

அந்த மாதம் வால்வு ஆட்கள் யாரும் கூப்பிடவில்லை. மேனேஜர் சொல்லி வைத்தாரோ, இல்லை, தங்கள் காதையும் சோதித்துவிடுவாளோ என்று பயந்தார்களோ. "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு, "இருந்திருந்தா நீ தூங்கியிருக்க மாட்டே. நானும் தூங்கியிருக்க மாட்டேன்" என்று அவரே சொல்லிக்கொண்டார். அக்கா பழையபடி டிரம்களோடு மல்லுக்கட்டினாள். ஆனாலும் போன் அடித்தால், முதலில் கண்ணாடிக்காரர் பேராக இருக்குமோ என்றுதான் பார்த்தாள்.

நாலாவது வாரம், ஒரு மதியம், கடை வாசலில் மேனேஜர் நின்றார். டை கட்டியிருந்தார். ஒரு கையில் ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப்ளிஃபையர், இன்னொரு கையில் செருப்பு வந்த அட்டைப் பெட்டி. உள்ளே நுழைந்தார். திரும்ப இடமில்லை என்று தெரிந்ததும் அப்படியே வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே எட்டு வளையம் வாங்கி, என் வீட்டம்மாவை விட்டுப் போடவும் கழட்டவும் சொன்னேன்" என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்து. "பத்து தடவை. எப்போ போட்டிருக்கு, எப்போ இல்லைன்னு நான் கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொன்னேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அஞ்சு சரி, அஞ்சு தப்பு. பூவா தலையா போட்டிருந்தாலும் அதான் வந்திருக்கும்." டையைத் தளர்த்திக்கொண்டார். "வீட்டம்மா ஒரு வாரமா சிரிச்சுக்கிட்டிருக்காங்க."

அவள் சிரிப்பை உதட்டோடு அடக்கிக்கொண்டாள்.

அட்டைப் பெட்டியைத் திறந்தார். பழைய வால்வுகள் இருபத்து மூன்று, ஒவ்வொன்றும் ஒரு காலுறைக்குள். எங்கேயோ மொத்தமாகக் கிடைத்தவை. எது பாடும், எது பாடாது என்று பிரித்துத் தர வேண்டும். "உங்களைத்தான் நம்ப முடியும். இல்லாததை நீங்க இல்லைன்னே சொல்லிடுவீங்க" என்றார்.

இரண்டு பேரும் பெல்ட் மாலைக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் செருகிச் சூடாக்கித் தட்டினார்கள். மணி அடிக்கிற சத்தம் கேட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து நின்றார். ஏழு வால்வு பாடியது. அதில் ஐந்து, சிவப்பு வளையம் மாட்டியதும் அடங்கியது. ஒன்று கொஞ்சம் முரண்டு பிடித்து அடங்கியது. கடைசி ஒன்று எந்த இடத்தில் மாட்டினாலும் கிணுகிணுத்தது.

"இதைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"எதுக்கு சார்? கூடவே இதே ஜாதி வால்வு பின்னால ஒண்ணு இருக்குமில்ல, அங்க இடம் மாத்தி வைங்க. பாட்டு ஒவ்வொரு வால்வா தாண்டித்தானே போகுது? முதல் ஆள் உளறினாத்தான் வம்பு. கடைசி ஆள் வரைக்கும் அந்த உளறல் பெருசாகிட்டே போகும். கடைசி ஆள் உளறினா யாருக்கும் கேக்காது."

மேனேஜர் அதைச் சட்டைப் பையிலிருந்த சீட்டில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, பின்னாலேயே நடந்து வாசலுக்கு வந்து, "அன்னைக்கு நான் பேசினது சரியில்லை" என்றார். அக்கா, "படி இருக்கு சார், பார்த்து" என்றாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் அழைப்பு வர ஆரம்பித்தது. வளையம் மாட்ட மட்டும் அல்ல. வளையம் வேண்டாம் என்று அவள் வாயால் கேட்டுக்கொள்ளவும் சிலர் கூப்பிட்டார்கள். பத்து தடவை போனால் ஆறு தடவை அதைத்தான் சொல்வாள். மீதி நாலில் ஒரு வளையமோ, பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் கட்டையோ, இடம் மாற்றலோ போதும். துணி துவைக்கிற மெஷினின் காலைத் திருகிவிட்டு வந்ததும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரரின் வீட்டம்மா போன் செய்தார். "வேலைக்கு இல்லை. சும்மா வாங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் வீட்டுக்கும் பை இல்லாமல் அவள் போய் வருடக்கணக்காகிறது. அன்று கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் சோபா நுனியில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

கண்ணாடிக்காரர் ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தார். ஒரு பெண் குரல், பின்னால் ஒரு வீணை. முதல் இரண்டு பாட்டுக்கு அக்காவின் காது குமிழ்களைச் சுற்றிக்கொண்டிருந்தது, எங்காவது முனகுகிறதா என்று. முனகவில்லை. மூன்றாவது பாட்டில் குமிழை மறந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு நடக்கும்போது அவளை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள், காது கேட்காத பெண்ணுக்குப் பாட்டு எதற்கென்று. அவளும் அது தன் சங்கதி இல்லை என்று விட்டுவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிற அறையில் வேலை பார்த்திருக்கிறாள், பேசியிருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள். பாட்டுக்காக மட்டும் உட்கார்ந்ததில்லை. குரல் மேலே ஏறுவதும், ஏறின இடத்தில் ஒரு நிமிடம் யோசித்து நிற்பதும், பிறகு வேறு வழியாக இறங்கி வருவதும் அவளுக்குக் கோணலில்லாமல் கேட்டது. முகத்தை லேசாகத் திருப்பி வலது காதை முன்னால் கொடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் பாதியிலேயே தூங்கிப்போனார். குறட்டை கிளம்பியதும் கண்ணாடிக்காரர் பதறி வால்வைப் பார்த்தார். அது அசையவில்லை.

பாட்டு முடிந்து ஊசி தட்டின் நடுவில் போய்க் கறகறத்தது. வீட்டம்மா டீ எடுத்துவர எழுந்தார். எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா இன்னும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பின்பக்கம் ஏதாவது இருக்கா?" என்றாள்.

கண்ணாடிக்காரர் தட்டைத் திருப்பி வைத்தார்.